ஒன்பது வருஷத்து எதிரி

அந்த வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, கொட்டுகிற மழையில், ஊருக்குத் திரும்பும் மண்சாலைப் பள்ளத்தில், கமூஸின் சிநேகிதனும் கமூஸின் எதிரியும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். டிராக்டரில் வந்த கமூஸுக்கு அதைப் பார்த்ததும் வருத்தம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அவ்வளவு தொந்தரவுக்கும் அதுதான் ஆரம்பம்.

சிநேகிதன் பெயர் காஸ்தோன். அவனுடைய பிக்கப் வண்டி முட்டைத் தட்டுகளோடு ஓரத்துக் குழியில் இறங்கி, பின்சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்து கிடந்தது. எதிரி பெயர் ஃபிராஜி. முப்பதடி தள்ளி அவனுடைய பழைய லாரி நின்றது. பின்கதவு கழன்றுபோய், அறுபது பெட்டி ஆரஞ்சும் சாலையில் சரிந்து கிடந்தன. ஃபிராஜி மட்டும் தனியாகக் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். காஸ்தோன் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

அது யூதர்களின் ஊர். ஐந்து மணிக்குள் வீடுகளில் ஓய்வுநாள் விளக்கு ஏற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் மறுநாள் இரவு மூன்று நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது, சுமை தூக்கக் கூடாது. ஆக, இரண்டு பேரில் ஒருவருக்கு உதவத்தான் நேரம் இருந்தது.

வேறு யாராவது இருந்தால் பேசாமல் சிநேகிதன் பக்கம் கயிற்றை வீசியிருப்பான். கமூஸ் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வார வேதப் பகுதியை, வரிக்கு வரி விரல் வைத்து, இரண்டு தரம் படிப்பவன். அன்று காலை படித்த பகுதியில் இதுவேதான் இருந்தது. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் ஒதுங்கிப் போகாதே, அவனோடு சேர்ந்து தூக்கிவிடு என்று. பழைய காலத்துப் பெரியவர்கள் அதற்கு விளக்கமும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சிநேகிதன், ஒரு பக்கம் எதிரி என்றால் முதலில் எதிரியிடம் போ, உன் மனசு சிநேகிதன் பக்கம்தான் இழுக்கும், அதை வளைக்க வேண்டும் என்று. இந்த ஊரில் கடைசிக் கழுதை செத்து நாற்பது வருஷம் ஆகிறது. கமூஸுக்கு அதெல்லாம் ஒரு தடையா என்ன. காலையில் பாடம், மதியமே பரீட்சை என்று நெஞ்சு விம்மியது அவனுக்கு. ஒன்பது வருஷமாகக் கட்டிக்காத்த எதிரி கடைசியில் ஒரு உபயோகத்துக்கு வந்தான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கமூஸின் தாய் கஸாலா இறந்து அப்போது ஏழு மாதம். தாய்க்காகப் பிள்ளை பதினொரு மாதம் தினமும் ஜெபாலயத்தில் நின்று, இறந்தவர்களுக்கான கதீஷ் ஜெபத்தைச் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல முடியாது. பத்து ஆண்கள் கூடி நின்று ஆமென் சொன்னால்தான் அது கதீஷ். இளவட்டமெல்லாம் டெல் அவிவுக்குப் போய்விட்ட இந்தக் கலிலேயா மலையடிவார ஊரில், நடமாட முடிந்த ஆண்களை, மதகுருவான ரபியோடு, சேர்த்தால், சொல்லி வைத்தாற்போல் பத்துப் பேர். அதில் காஸ்தோன் ஒருவன், ஃபிராஜி ஒருவன். "ஒண்ணுகூட விட்டுடாதேடா கமூஸ்," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள் கஸாலா. கமூஸ் காய்ச்சலில்கூட விட்டதில்லை.

டிராக்டர் சத்தம் கேட்டதும் காஸ்தோன் கண்ணாடியை இறக்கினான்.

"வா வா. கயிறு இருக்கில்ல? முன்னாடி கொக்கியில மாட்டு. அரை மணி வேலைதான்."

"இரு காஸ்தோன். மொதல்ல அவனுது."

"எவனுது?"

கமூஸ் தாடையால் ஃபிராஜியைக் காட்டினான்.

"அவன்கூட நீ பேசறதே இல்லையே."

"அதனாலதான். அவன் என் எதிரி. எதிரிக்குத்தான் மொதல்ல. உன் மேல பிரியம் இருக்கு, அதனால நீ அப்புறம்."

காஸ்தோன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "குடிச்சிருக்கியா?"

"இந்த வாரப் பகுதியை நீ படிக்கலையா?"

"முட்டைக்குப் போயிருந்தேன்டா. எங்கேர்ந்து படிக்கிறது? அறுபது பெட்டி ஏத்தறதுக்குள்ள விளக்கு வெச்சிடுவாங்க. என் முட்டை என்ன ஆகறது?"

"மனசை வளைக்கணும் காஸ்தோன்."

"உன் மனசை வளைக்க என் முட்டைதான் கிடைச்சுதா?" காஸ்தோன் கதவைத் திறந்து சேற்றில் இறங்கினான். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். "உன்கிட்ட ஒத்தாசை வேணும்னா எதிரியா இருக்கணும். அதானே? சரி. இன்னையிலேர்ந்து நானும் உன் எதிரி. நல்லா இரு." மழையில் நனைந்துகொண்டே ஊரைப் பார்த்து நடந்தான். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

இந்த இடத்தில் கமூஸுக்கு முதல் தடவையாகக் குழம்பியது. காஸ்தோனும் எதிரி ஆகிவிட்டால் இப்போது எந்த எதிரிக்கு முதலில்? பெரியவர்கள் அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் டிராக்டர் பக்கத்திலேயே நின்றான். பிறகு, மூத்த எதிரி ஃபிராஜிதானே என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு பெட்டி தூக்கப் போனான்.

ஒரு மணி நேரம் இரண்டு பேரும் வாய் திறக்காமல் தூக்கினார்கள். ஃபிராஜிக்கு முழங்கால் வலி உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தான். கடைசிப் பெட்டி கையில் இருக்கும்போது, முகத்து மழைத்தண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"உனக்கு ரொம்ப நன்றி கமூஸ். ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. காஸ்தோன் உன் உயிர்த்தோழன். அவனை விட்டுட்டு எனக்கு ஏன் ஏத்தினே?"

கமூஸ் பெருமையோடு சொன்னான். "நீ என் எதிரியாச்சே."

ஃபிராஜி பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். "நானா?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"ஒன்பது வருஷமா."

"எனக்குத் தெரியாதே."

"தெரியாம எப்படி இருக்கும்? நான் உன்கூடப் பேசறதே இல்லையே."

"நீ யார்கூடத்தான் பேசறே? உன் சுபாவமே அப்படின்னு நெனச்சேன். காதுகூடக் கொஞ்சம் மந்தமோன்னு எங்க வீட்டுல பேசிக்கிட்டோம்." ஃபிராஜியின் சிரிப்பு போய்விட்டிருந்தது. "நான் என்ன பண்ணேன்?"

"எங்க வீட்டுப் பக்கத்து நிலத்துல நீ வெச்சிருந்த கோழிக்கொட்டகை. கூடாரப் பண்டிகைக்கு நாங்க வாசல்ல கூடாரம் போட்டா, ஏழு நாளும் உன் கோழி நாத்தம்தான். எங்க அம்மா சாப்பாட்டை மூடி வெச்சுட்டு எழுந்திருச்சுடுவா."

"அதை எடுத்து ஆறு வருஷம் ஆச்சே?"

"எடுத்தே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எடுத்தே."

ஃபிராஜி கடைசிப் பெட்டியை அவனே தூக்கி லாரியில் வைத்தான். கமூஸ் கை கொடுக்கப் போனபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினான். லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மணி நாலே முக்கால். காஸ்தோனின் பிக்கப் குழியிலேயே கிடந்தது.

அன்று சாயங்காலம் ஜெபாலயத்தில் எட்டுப் பேர். இங்கே தலையை எண்ணுவது கிடையாது. பத்து வார்த்தை உள்ள ஒரு வேத வரியை வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். வரி முடிந்தால் பத்துப் பேர். கடைசி வார்த்தை 'என்றென்றைக்கும்'. அன்று கமூஸ் எட்டு வார்த்தை சொல்லி நின்றுவிட்டான். மறுபடி முதலிலிருந்து சொன்னான். மறுபடி எட்டு. வெளியே போய்ப் பாதையைப் பார்த்தான். அரை மணி காத்திருந்தார்கள். பிறகு ஆளாளுக்கு முணுமுணுவென்று தனித்தனியாக ஜெபம் செய்துவிட்டு எழுந்தார்கள். ஏழு மாதத்தில் முதல் தடவையாகக் கதீஷ் இல்லை. 

ரபி யாயிர், பக்கத்து நகரத்திலிருந்து வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர், அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வயது. தாடி இன்னும் ஒழுங்காக வளரவில்லை. கமூஸ் நடந்ததெல்லாம் அவரிடம் சொன்னான்.

"நான் எழுதியிருக்கிறபடிதானே செஞ்சேன் ரபி? இதுல தப்பு எங்க வந்துது?"

"எழுதியிருக்கிறபடிதான் செஞ்சீங்க." ரபி தாடியைத் தடவினார். "ஆனா, உன் சகோதரனை மனசுல பகைக்காதேன்னும் எழுதியிருக்கே."

"அப்ப எனக்கு எதிரியே இருக்கக் கூடாதா?"

"கூடாது."

"இருக்கக் கூடாதுன்னா, எதிரியோட கழுதைன்னு எதுக்கு எழுதியிருக்கு? எதிரி இல்லாம அந்தச் சட்டத்தை நான் எப்படிக் கடைப்பிடிக்கறது?"

"பெரிய கேள்வி."

"பதில் என்ன?"

"கேள்வி பெரிசுன்னு சொன்னேனே," என்றார் ரபி, பாவம், அவரும் திருதிருவென்று விழித்துக்கொண்டு.

வீட்டில் மனைவி மைசா கோதுமைக் குருணையில் செய்த கூஸ்கூஸை மூடி வைத்துக் காத்திருந்தாள். ஆறிப்போயிருந்தது. புருஷன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். தட்டில் இரண்டு கரண்டி போட்டாள்.

"காஸ்தோனைக் கூப்பிட்டு, மூணு பேரும் சேர்ந்து அந்தப் பெட்டிங்களை ஏத்தியிருந்தா முக்கா மணி ஆகியிருக்குமா? அப்புறம் மூணு பேருமா அவன் வண்டியை இழுத்திருக்கலாம்."

கமூஸ் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தான். "அப்படி எழுதலையே."

"எழுதினாத்தான் செய்வியா நீ?"

அவன் சாப்பிடவில்லை. தாயின் படத்துக்குப் பக்கத்தில் கனலும் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாய்க்குக் கொடுத்த ஒரே வாக்கு போய்விட்டது. குடித்துவிட்டோ தூங்கியோ கெடுத்திருந்தால்கூட மனசு ஆறும். வேதத்தை மதித்ததால் கெட்டிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வான்? யோசிக்க யோசிக்கத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. நாளைக் காலையிலும் எட்டே பேர் என்றால், கஸாலாவுக்கு மட்டும் இல்லை, யாருக்குமே ஒன்றும் இல்லை. பத்துப் பேர் கூடாமல் வேதச்சுருளை வெளியே எடுக்கவே கூடாது.

விடிந்ததும் நடந்தான். முதலில் காஸ்தோன் வீடு. காஸ்தோன் அதற்குள் பள்ளம் வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான்.

"காட்டுப்பன்னி," என்றான் கதவைத் திறந்ததும். "ஒரு முட்டை மிச்சமில்லை. நாம தொடாத ஜென்மம், வந்து என் முட்டையைத் தின்னுட்டுப் போயிருக்கு. உன் மனசு நல்லா வளைஞ்சுதா?"

"காஸ்தோன், நேத்து எதிரின்னு சொன்னியே. நெஜமாத்தான் சொன்னியா?"

"பின்ன? சத்தியமா எதிரிதான்."

"அப்ப நீ வந்தே ஆகணும்." கமூஸ் இதை விடியவிடிய யோசித்து வைத்திருந்தான். "உன் எதிரி சுமையோட விழுந்து கிடக்கான். ரெண்டு ஆள் குறையுது. பார்த்துட்டு ஒதுங்கிப் போகாதேன்னு எழுதியிருக்கு."

காஸ்தோனுக்கு முகம் சிவந்தது. "உன்னையும் உன் சட்டத்தையும்..." என்று ஆரம்பித்து, அன்று ஓய்வுநாள் என்பதை நினைத்துக்கொண்டு மீதியை விழுங்கினான். கதவை அறைந்து சாத்தினான்.

ஃபிராஜி வீடு ஊர்க் கோடியில். இந்த ஒன்பது வருஷத்தில் கமூஸ் அந்த வாசலை மிதித்ததில்லை. ஃபிராஜி படியில் உட்கார்ந்து முழங்காலில் வெந்நீர்த் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். காஸ்தோனிடம் சொன்னதையே கமூஸ் அவனிடமும் சொன்னான். எதிரி, சுமை, ஒதுங்கிப் போகாதே.

ஃபிராஜி பொறுமையாகக் கேட்டான். "அது எனக்கு இல்லை கமூஸ்."

"ஏன்?"

"எனக்கு எதிரி யாரும் கிடையாது. எதிரி இருக்கிறவனுக்குத்தானே அந்தச் சட்டம்? அது உனக்குத்தான்."

கமூஸுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. ராத்திரி முழுக்கத் தேடியதில் இப்படி ஒரு பதில் அவனுக்குத் தட்டுப்படவே இல்லை.

"கொட்டகையை ஏன் எடுத்தேன்னு தெரியுமா உனக்கு?" என்றான் ஃபிராஜி. "உங்க அம்மா ஒருநாள் ஒரு தட்டு பலகாரத்தோட இங்க வந்தாங்க. இதே படியில உட்கார்ந்தாங்க. 'ஃபிராஜி, உன் கோழிங்க நல்லா இருக்கட்டும், ஆனா என் கூடாரத்துல அதுங்களும் உட்கார்ந்து சாப்பிடறாப்பல இருக்கு'ன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம். அந்த வருஷமே எடுத்துட்டேன். உன்கிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"சொல்லலையே."

"நீ கேட்டிருக்க மாட்டே." ஃபிராஜி எழுந்து நொண்டிக்கொண்டே உள்ளே போனான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். காஸ்தோன் அறைந்த கதவைவிட இது அதிகமாக வலித்தது கமூஸுக்கு. தாய் இவன் முதுகுக்குப் பின்னால் எதிரி வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோயிருக்கிறாள், சமாதானம் பேசி முடித்திருக்கிறாள், இவன் மட்டும் ஆறு வருஷமாக இல்லாத கோழிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அழுவதா, அவள்மேல் கோபப்படுவதா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

ஜெபாலயத்தில் எட்டுப் பேர். ஏழரை மணி. ரபி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள்.

காஸ்தோன் வந்தான். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "சட்டத்துக்காக வந்திருக்கேன். எதிரியா வந்திருக்கேன். அதை மட்டும் எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கங்க." எப்போதும் பின்வரிசையில் உட்காருகிறவன், அன்றைக்கு வீம்புக்கு முன்வரிசையில் வந்து, கமூஸைப் பார்க்கத் திரும்பி, அவன் மூக்குக்கு நேரே உட்கார்ந்தான்.

ஒன்பது. கமூஸ் மனசுக்குள் வரியைச் சொன்னான். ஒன்பதாவது வார்த்தையோடு நின்றான். ஒரு வார்த்தை மிச்சம். எட்டு மணிக்கு ரபி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடப்போனார்.

கதவு திறந்தது. ஈரக்காற்று உள்ளே வந்தது. ஃபிராஜி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, கதவோரத்துக் கடைசி நாற்காலியில், தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். யாரும் கேட்காமலே சொன்னான். "கஸாலாவுக்காக வந்தேன். அவங்க என் எதிரி இல்லை."

ஜெபம் ஆரம்பித்தது. துதிப்பாடல்கள் முடிந்ததும் கமூஸ் கதீஷுக்குத் தன் இடத்திலேயே எழுந்து நின்றான்.

இங்கே ஒரு விஷயம். இந்த ஏழு மாதமும் கமூஸ் கண்ணை மூடிக்கொண்டுதான் கதீஷ் சொல்லுவான். ஒவ்வொரு வரி முடிவிலும் பின்னாலிருந்து ஒரு குரல், மற்றக் குரல்களையெல்லாம் அமுக்கிக்கொண்டு, கணீரென்று ஆமென் சொல்லும். அந்தக் குரல் முதுகைத் தாங்கிக்கொண்ட மாதிரி இருக்கும். முதல் மாதம், ஒரு வார்த்தையும் வராத நாட்களில், அந்த ஆமெனுக்காகவே அடுத்த வரியைச் சொல்லியிருக்கிறான். பின்வரிசையில் இருந்து இப்படிச் சொல்ல காஸ்தோனைத் தவிர யார் இருக்கிறார்கள்? மூன்று பாட்டில் அத்திப்பழச் சாராயம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான் அவனுக்கு. "என் தாய்க்கு நீ சொல்ற ஆமென் இருக்கே, அதை மறக்கவே மாட்டேன்டா," என்று கண் கலங்கியிருக்கிறான். காஸ்தோனும் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டான்.

அன்று கமூஸ் கண்ணை மூடவில்லை. காஸ்தோன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான், பார்க்காமல் எப்படி. முதல் வரியைச் சொன்னான். காஸ்தோனின் உதடு லேசாக அசைந்தது. கொசு பறக்கிற அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை.

கதவோரத்திலிருந்து கணீரென்று ஆமென் வந்தது.

கமூஸ் காஸ்தோனைப் பார்த்தான். காஸ்தோன் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான்னு நான் எப்பவாவது சொன்னேனா," என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தான். "நீ குடுத்தே, வாங்கிக்கிட்டேன்."

அதிகாலை இருட்டில், அந்த முழங்காலோடு, ஃபிராஜி ஊர்க் கோடியிலிருந்து ஏழு மாதம் தினமும் நடந்து வந்திருக்கிறான். கமூஸ் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. எதிரியின் முகத்தைப் பார்க்கக் கூடாதல்லவா.

அடுத்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை. இருநூறு நாளுக்கு மேல் சொன்ன வரி, தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிற வரி, முதல் வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.  ரபி புத்தகத்தை நீட்டினார். எழுத்தெல்லாம் கண்ணீரில் மிதந்தது. ஒன்பது பேர் காத்திருந்தார்கள். வெளியே ஓட்டிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. நொண்டி நொண்டி நடக்கிற சத்தம் நெருங்கி வந்து, கமூஸின் பக்கத்தில் நின்றது. ஃபிராஜி அவனைப் பார்க்கவில்லை. முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வரியின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தான். பிறகு இரண்டாவதை. மூன்றாவது வார்த்தையில் கமூஸ் அவனோடு சேர்ந்துகொண்டான்.